பெறப்பட்ட மாதிரிக்கு மட்டும்

தண்ணீர்ச் சோதனை அறிக்கை ஒன்றைக் கையில் வாங்கியதும் பெரும்பாலோரின் கண் முதலில் போவது முடிவுகள் இருக்கும் கட்டத்துக்கு. அடுத்து, மேலே இருக்கும் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரைக்கு. அடியில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும் ஒரு வரியை யாரும் படிப்பதில்லை. இம்முடிவுகள், ஆய்வகத்தில் பெறப்பட்ட நிலையில் இருந்த மாதிரிக்கு மட்டுமே பொருந்தும் என்பது அந்த வரி. புதுச்சேரியில் ஒரு தனியார் சோதனை ஆய்வகத்தில் தர மேலாளராக இருக்கும் எனக்கு அது நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. மாதிரியை ஆய்வகமே எடுக்காதபோது அப்படியொரு வாசகம் அறிக்கையில் இருந்தாக வேண்டும் என்று ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 என்ற, ஆய்வகங்களுக்கான பன்னாட்டுத் தரமே கேட்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்கிறோம் என்பதுதான் என் கேள்வி. கிணற்றுக்கும் எங்கள் வரவேற்பு மேசைக்கும் இடையில் தண்ணீருக்கு என்ன நேர்ந்திருந்தாலும் அது எங்களைச் சேர்ந்ததல்ல என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. ஆனால், தண்ணீரைக் கொண்டு வருகிறவர் பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி அறிய வரவில்லை. தம் வீட்டுப் போர் தண்ணீரைப் பற்றி அறிய வருகிறார்.

இதைப் பல காலம் வெறும் மனக்குறையாகத்தான் வைத்திருந்தேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவால் அது தீர்க்கமான கருத்தாக மாறியது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்துக் கடைகளுக்குப் போடுகிறவர் அவர். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யப் போனால் தண்ணீர்ச் சோதனை அறிக்கை கேட்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். முந்தைய நாள் மாலையே இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைக் கழுவி நிரப்பி வைத்து, மறுநாள் ஒயர்கூடையில் எடுத்துக்கொண்டு, கடலூரில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். படிவம் நிரப்பப்பட்டது, பணம் கட்டப்பட்டது, பாட்டில் வரவேற்பறை அலமாரியில் மற்ற மாதிரிகளோடு மாலை வரை நின்றது. பிறகு, எங்கள் நடைமுறைப்படி, வாடிக்கையாளரின் பாட்டிலிலிருந்து ஆய்வகத்தின் சுத்தமான பாலிஎத்திலீன் பாட்டில்களுக்குத் தண்ணீர் மாற்றப்பட்டு, குறியீட்டு எண் ஒட்டப்பட்டு, உலோகச் சோதனைக்குரிய பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சேர்க்கப்பட்டு உள்ளே போனது. இப்படி மாற்றுவதற்கு நல்ல காரணங்கள் உண்டு: சோதிப்பவருக்கு மாதிரி யாருடையது என்று தெரியக் கூடாது, வெளியிலிருந்து வரும் பாட்டில்கள் ஆய்வறைக்குள் நுழையக் கூடாது. மீதித் தண்ணீர் அவருடைய பாட்டிலிலேயே அலமாரியில் இருந்தது.

அறிக்கை வாங்க அவர் வந்த அன்று, வரவேற்பில் இருந்த பெண் அறிக்கையையும் மீதித் தண்ணீரோடு அவருடைய பாட்டிலையும் ஒன்றாகவே மேசையில் வைத்தாள். எல்லா அம்சங்களும் வரம்புக்குள் இருந்தன. இரும்பும் அப்படித்தான். அந்த அம்மா அறிக்கையைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார். அதன் அடியில் துருநிறத்தில் ஒரு படிவு. உட்சுவரில், தண்ணீர் நின்ற மட்டத்துக்குக் கீழே, பழுப்பாக ஒரு பூச்சு.

“இரும்பு இருக்கான்னு பாருங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். என்ன போட்டிருக்கீங்க?” என்று கேட்டார்.

“கம்மியாத்தான் இருக்கும்மா. பாஸ் ஆயிடுச்சு.”

“வெள்ளத் துணி துவைச்சா கறை புடிக்குது. டீ போட்டா கருத்துப் போவுது. கம்மின்னா எப்படிம்மா?”

“ரிப்போர்ட் உங்களுக்குச் சாதகமாத்தானே வந்திருக்கு?”

“அத வச்சு நான் என்ன பண்றது? இதே தண்ணியிலதானே நான் மாவு அரைக்கணும்.”

என்னை அழைத்தார்கள். நான் வந்து நின்றபோது மேசையில் அறிக்கையும் பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. தனக்கு வேண்டியபடியே வந்த அறிக்கையைத் திருப்பிக் கொண்டு வருகிறவரை இந்தத் தொழிலில் காண்பது அரிது. புகார் என்று எங்களுக்கு வருபவை ஏறக்குறைய எல்லாமே தேறாத முடிவைத் தேறியதாக மாற்றிக் கேட்பவை. இவர் எதிர்த் திசையில் நின்றார். புகார்ப் பதிவேட்டைத் திறந்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.

கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது

அன்று மாலை அந்த மாதிரியின் கோப்பு முழுவதையும் எடுத்து, என்ஏபிஎல் மதிப்பீட்டாளர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தேன். உலோகங்களை அளக்கும் ஏஏஎஸ் கருவியின் அளவுத்திருத்தம் உரிய தேதிக்குள் இருந்தது. அன்றைய அளவுத்திருத்தக் கோடு நேர்கோடாக வந்திருந்தது. தூய நீரை வைத்துச் சோதித்த வெற்று மாதிரியில் இரும்பு இல்லை. ஒரே மாதிரியை இருமுறை சோதித்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்திருந்தன. தெரிந்த அளவு இரும்பைச் சேர்த்து மீட்டெடுக்கும் ஸ்பைக் சோதனையில் சேர்த்ததெல்லாம் திரும்பக் கிடைத்திருந்தது. சிஆர்எம் என்று நாங்கள் சொல்லும் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளின் மதிப்பு அதன் சான்றிதழோடு பொருந்தியது. கட்டுப்பாட்டு வரைபடத்தில் புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டியே கிடந்தன. கையெழுத்திட்ட வேதியியலாளர் அந்தச் சோதனைக்குத் தகுதி பெற்றவர். எந்த மதிப்பீட்டாளரும் இதில் ஒரு குறையைக்கூட எழுத முடியாது. அந்த எண் தவறு என்பதும் பாட்டிலைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும் தண்ணீரில் இரும்பு ஃபெரஸ் வடிவில் கரைந்திருக்கும், நிறமே தெரியாது. மேலே வந்து காற்றைத் தொட்டதும் அது மெல்ல ஃபெரிக் வடிவுக்கு மாறி, ஹைட்ராக்சைடாகத் திரண்டு, பழுப்புத் துகளாகக் கீழே இறங்குகிறது. ஒரு பகுதி பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. கடலூர் மணற்கல் என்று நிலவியல் நூல்களில் இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கும் பாறை அடுக்கு இரும்பு கலந்தது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. உலோகச் சோதனைக்கான தண்ணீரில் எடுத்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் அளவை 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற விதி இதற்காகத்தான் இருக்கிறது. அமிலம் இருந்தால் இரும்பு கரைசலிலேயே தங்கும். அந்த அம்மாவின் பாட்டிலில் ஓர் இரவும் ஒரு பகலும் இரும்பு படிந்துகொண்டிருந்தது. நாங்கள் மேலிருந்த தெளிந்த நீரைச் சுத்தமான பாட்டிலுக்கு மாற்றி, அதன் பிறகு அமிலம் சேர்த்து, மிகத் துல்லியமாக அளந்தோம். சுத்தத்துக்காகவும் நடுநிலைக்காகவும் வைத்திருந்த நடைமுறையே இரும்பை வெளியில் நிறுத்திவிட்டு மாதிரியை உள்ளே அனுப்பியிருந்தது.

எங்கள் தரக் கட்டுப்பாடுகளில் ஒன்றுகூட இதை ஏன் காட்டவில்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். இருமுறை சோதித்த இரண்டு பகுதிகளும் மாற்றிய பாட்டிலிலிருந்து எடுத்தவை. இரண்டிலும் ஒரே குறை, ஆகவே இரண்டும் ஒத்துப்போயின. ஸ்பைக் சேர்க்கப்பட்டது இழப்பு நடந்து முடிந்த பிறகு. சிஆர்எம் தொழிற்சாலையிலிருந்து அமிலத்தோடு மூடி முத்திரையிடப்பட்டு வருகிறது. அதற்குப் பஸ் பயணம் கிடையாது, அலமாரியில் காத்திருப்பு கிடையாது. பல ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பி ஒப்பிடும் திறனறி சோதனைக்கும் இதே நிலைதான். அங்கே, ஏற்கப்பட்ட மதிப்பிலிருந்து எவ்வளவு விலகினோம் என்று காட்டும் இசட் மதிப்பெண் 2க்குள் வந்தால் திருப்திகரம், 3ஐத் தொட்டால் தோல்வி. நாங்கள் பெருமையோடு சுவரில் மாட்டியிருக்கும் அந்த மதிப்பெண்கள் எல்லாம், நன்கு பதப்படுத்தி அனுப்பப்பட்ட ஒரு குப்பியைத் திறந்த கணத்திலிருந்து நாங்கள் என்ன செய்தோம் என்பதை மட்டுமே அளக்கின்றன. அறிக்கையில் எழுதும் அளவீட்டு நிச்சயமின்மையும் அப்படியே. கூட்டல் கழித்தல் குறியோடு நாங்கள் தரும் அந்த எண்ணில் பிப்பெட், தராசு, அளவுத்திருத்தக் கோடு எல்லாம் கணக்கில் வந்திருக்கின்றன. குளிர்பான பாட்டில் வரவில்லை. மாதிரி எடுப்பதால் வரும் பங்கும் கணக்கில் வர வேண்டும் என்றுதான் 17025 தரத்தின் 7.6ஆம் பிரிவு சொல்கிறது. மாதிரியை நாங்கள் எடுக்கவில்லை என்பதால் அந்தப் பங்கைச் சுழியமாக வைத்துவிடுகிறோம். உண்மையில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பங்காக இருந்திருக்கக்கூடும்.

அந்தப் பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரில் நேரடியாக அமிலத்தைச் சேர்த்து இரவு முழுக்க வைத்தோம். காலையில் படிவு கரைந்து தண்ணீர் தெளிந்திருந்தது. அளந்தால் இரும்பு வரம்பைத் தாண்டி எங்கோ போய் நின்றது. ஆனால் அந்த எண்ணை நான் ஏற்கவில்லை. முழுப் பாட்டிலின் படிவும் மீதியிருந்த கொஞ்சம் தண்ணீரில் கரைந்திருக்கிறது. முதல் எண் குறைவாகக் காட்டியதென்றால், இது கூடுதலாகக் காட்டும். ஆகவே ஒரு டெக்னீஷியனை அழைத்துக்கொண்டு நானே அந்த வீட்டுக்குப் போனேன். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் வெளியேறிய பிறகு பிடித்தோம். கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. பாட்டிலில் அங்கேயே அமிலம் சேர்த்தோம். அமிலம் சேர்க்காத தண்ணீரின் பிஎச் அளவையும் அங்கேயே பார்த்தோம். அறிக்கையில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வழியில் வெளியேறிவிடுவதால் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது பிஎச் ஏறியிருக்கும், அது எதிர்பார்த்ததுதான். அந்த அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள், பக்கத்தில் திறந்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் மஞ்சள் படர ஆரம்பித்துவிட்டது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் இரும்புக்கு லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் என்று வைத்திருந்த வரம்பை 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 1.0 மில்லிகிராமாக உயர்த்தியது. தளர்த்திய அந்த வரம்பையும் அந்தத் தண்ணீர் தாண்டியது. பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்று, திருத்திய அறிக்கை கொடுத்தோம். காற்றூட்டி மணல் வடிகட்டியில் விட்டால் இரும்பு இறங்கும் என்பதையும் சொல்லிவிட்டு வந்தோம்.

தரம் கேட்பது பொதுவான வரியை அல்ல

திருத்த நடவடிக்கை எழுதும் வேளையில்தான் எங்களுக்குள் உண்மையான விவாதம் வந்தது. என் சக ஊழியர்களில் மூத்தவர் ஒருவர், நான் மதிப்பவர், சொன்னது இது: நாம் மாதிரி எடுப்பவர்கள் அல்ல, கொண்டு வருவதைச் சோதிப்பது நம் வேலை, அதைத்தான் அடிக்குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கிறோமே. அவருடைய வாதத்தில் வணிக நியாயமும் உண்டு. கிராமத்துக்கு ஆள் அனுப்பி மாதிரி எடுத்தால் ஆகும் செலவு சோதனைக் கட்டணத்தையே விழுங்கிவிடும். குளிர்பான பாட்டிலோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் அவர் வீட்டுக்குப் போக மாட்டார். அடுத்த தெருவில் இருக்கும் ஆய்வகத்துக்குப் போவார், அங்கே எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த அடிக்குறிப்பு போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, தரமும் ஒப்புக்கொள்ளவில்லை. 7.4.3ஆம் பிரிவைப் பலர் வேகமாகக் கடந்து போகிறார்கள். மாதிரியைப் பெறும்போதே, குறித்த நிபந்தனைகளிலிருந்து அது விலகியிருந்தால் அந்த விலகலைப் பதிவு செய்ய வேண்டும்; சோதனைக்கு அது ஏற்றதா என்ற ஐயம் இருந்தால் மேலே போவதற்கு முன் வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும்; விலகல் தெரிந்தும் சோதித்துத் தரச் சொன்னால், அந்த விலகலால் எந்தெந்த முடிவுகள் பாதிக்கப்படலாம் என்பதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும். கடைசியில் இருப்பதுதான் முக்கியம். எல்லா அறிக்கையிலும் ஒரே மாதிரி அச்சாகும் வரி அந்தக் கடமையை நிறைவேற்றாது. குளிர்பான பாட்டிலில் வந்த தண்ணீரிலும் குளோரைடு முடிவை நம்பலாம்; ஃபுளோரைடையும் நம்பலாம். கடலோரத்தில் உப்பேறியதா என்று பார்க்கத் தேவனாம்பட்டினத்திலிருந்தோ வீராம்பட்டினத்திலிருந்தோ ஒருவர் கொண்டு வந்தால், அவருடைய கேள்விக்கு அந்தப் பாட்டிலே போதும். இரும்புக்குப் போதாது. பிஎச், எஞ்சிய குளோரின் இரண்டும் எடுத்த இடத்திலேயே பார்க்க வேண்டியவை. நைட்ரேட்டுக்குக் குளிர் வேண்டும், அதிலும் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கோலிஃபார்ம் கிருமிகளுக்கோ நுண்ணுயிர் நீக்கிய பாட்டில் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது. அது பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினை முறிக்கப் பாட்டிலில் தயோசல்பேட்டும் இருக்க வேண்டும், இல்லையேல் வரும் வழியிலேயே குளோரின் தன் வேலையை முடித்துவிடும். ஒரே பாட்டில், ஒரே பக்கம், ஒரே கட்டத்தில் அடுக்கிய எண்கள். அவற்றில் சிலவற்றை நம்பலாம், சிலவற்றை நம்பக் கூடாது. எது எது என்று ஆய்வகத்துக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்லாமல் எல்லா எண்களுக்கும் பொதுவாக ஒரு வரியைப் போட்டு மூடுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் இருப்பதால் அந்த வரியும் அவருக்கு எட்டுவதில்லை.

மாதிரி எடுப்பதுதான் முடிவின் பாதி என்பது சட்டத்துக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர்மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆலைக் கழிவுநீர் மாதிரியை எப்படி எடுக்க வேண்டும், ஆலைத் தரப்பின் முன்னிலையில் எப்படி இரண்டாகப் பிரித்து முத்திரையிட வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மாதிரியை நான்காகப் பிரிக்கச் சொல்கிறது. வழக்கு மன்றத்துக்குப் போகும் தண்ணீருக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. வீட்டில் குடிக்கும் தண்ணீருக்கு எந்தக் காவலும் இல்லை. 17025 தரம்கூட 1999, 2005 பதிப்புகளைக் கடந்து 2017இல்தான், சோதனைக்காக மாதிரி எடுப்பதையும் ஓர் ஆய்வகச் செயல்பாடாகத் தன் வரையறைக்குள் கொண்டுவந்தது. வாய்ப்பு திறந்த பிறகும் எங்களைப் போன்ற சிறிய ஆய்வகங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கம் போகவில்லை. கருவிகளுக்கும் சோதனைகளுக்கும் மட்டும் அங்கீகாரம் வாங்கிக்கொண்டு நின்றுவிட்டோம்.

சாதாரண மக்களால் சரியாக மாதிரி எடுக்க முடியாது என்று என் சக ஊழியர் சொன்னபோது, நான் அவருக்குச் சிப்காட்டை நினைவுபடுத்தினேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்தவர்கள் 2004இல் வாளியும் பையும் கொண்டு காற்று மாதிரி பிடிக்கக் கற்றுக்கொண்டு, நாற்றம் வீசும் நேரத்திலேயே பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். ஆவியாகிப் போகும் வாயுக்களைப் பிடிப்பது போர் தண்ணீரைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம். அவர்களால் அது முடிந்ததற்குக் காரணம், யாரோ உட்கார்ந்து கற்றுக் கொடுத்ததும் சரியான பையைக் கையில் கொடுத்ததும்தான். அந்த இரண்டையும் செய்யாமலே எங்கள் வாடிக்கையாளர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

இப்போது செய்வதும் இன்னும் செய்யாததும்

விவாதத்தின் முடிவில் சில மாற்றங்கள் நடைமுறைக்கு வந்தன. முதலில் மாற்றியது பாட்டில் மாற்றும் வழக்கத்தை. உலோகச் சோதனை இருந்தால் இப்போது எதையும் ஊற்றி மாற்றுவதில்லை. வந்த பாட்டிலிலேயே அமிலத்தைச் சேர்த்து, குறைந்தது 16 மணி நேரம் வைத்து, பிஎச் 2க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்த பிறகே அதிலிருந்து எடுக்கிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. எடுத்த இடத்தில் அமிலம் சேர்க்க முடியாத குடிநீர் மாதிரிகளுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் உலோகச் சோதனை முறைகள் இதைத்தான் சொல்கின்றன. யாருடைய மாதிரி என்பதை மறைக்க, பாட்டிலின் மேல் உறை போட்டுக் குறியீட்டு எண் ஒட்டினாலே போதும் என்று தெரிந்தது. அடுத்து, தொலைபேசியில் கேட்பவர்களுக்கு முதலில் பாட்டிலை வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறோம். கிருமிச் சோதனைக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று; கூடவே தமிழில் ஒரு பக்கக் குறிப்பு. பொதுமக்கள் கையில் அமிலப் பாட்டிலைக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தோம். எங்கள் ஆய்வகத்தில் மிக முக்கியமான தர முடிவை எடுப்பவள் அவள்தான் என்பதை நிர்வாகத்துக்குப் புரியவைக்க எனக்குச் சிறிது காலம் பிடித்தது. எந்தப் பாட்டில், எப்போது நிரப்பியது, குளிரில் வந்ததா, படிவு தெரிகிறதா என்று அவள் எழுதிக்கொள்கிறாள். அதைப் பொறுத்து, பாதிக்கப்படக்கூடிய முடிவுகளுக்குப் பக்கத்திலேயே அறிக்கையில் குறிப்பு வருகிறது. பொதுவான அடிக்குறிப்பு அதன் இடத்திலேயே இருக்கிறது.

சிலர் இரண்டு முறை அலைய முடியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அது உண்மையான சுமைதான். சிதம்பரம் பக்கத்திலிருந்து வருகிறவருக்கு ஒரு காலிப் பாட்டிலுக்காக ஒரு நாள் கூலி போகிறது. அவர்களுக்காகக் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரிலோ மஞ்சக்குப்பத்திலோ, பாட்டில் கொடுத்து வாங்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கிருமிச் சோதனை மாதிரிகளை அங்கிருந்து பனிப்பெட்டியில் அன்றைக்கே புதுச்சேரிக்குக் கொண்டுவரவும் வழி செய்ய வேண்டும். மதிப்பீட்டாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: தராசு அறையின் வெப்பநிலைப் பதிவேட்டுக்குப் போவதற்கு முன், வரவேற்பறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, எந்தெந்தப் பாட்டில்கள் உள்ளே வருகின்றன என்று பாருங்கள்.

கிணற்றடி மாதிரி எடுப்பையே எங்கள் அங்கீகார வரம்பில் சேர்க்க அடுத்த மதிப்பீட்டின்போது விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆள், வண்டி, களத்தில் பயன்படுத்தும் பிஎச் மானி, அதற்கான அளவுத்திருத்தம், மாதிரி எடுப்பவரின் தகுதிப் பதிவு எல்லாம் சேர்த்துச் செலவுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன். தனி வீடுகளுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஒரே கிராமத்தில் பத்துப் பதினைந்து வீடுகள் சேர்ந்தால் கட்டுப்படியாகும். அந்த இட்லி மாவு அம்மாவின் தெருவில் இருப்பவர்கள் சேர்ந்து கேட்டிருக்கிறார்கள். வரம்பில் சேர்வதற்கு முன்பே, முத்திரையில்லாத அறிக்கையாகவேனும் அவர்களுக்குச் செய்து கொடுக்கலாமா என்பதுதான் இந்த வாரம் எங்கள் கூட்டத்தில் முடிவாக வேண்டியது.